சிறுநீர் நன்றாகத்தான் போகிறது, அப்புறம் எப்படி கிட்னி பாதிப்பு?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 54. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். 11 வருடமாகச் சர்க்கரை, 4 வருடமாக பி.பி. போன மாதம் எடுத்த டெஸ்ட்டில் கிரியாட்டினின் 1.5, இ.ஜி.எஃப்.ஆர். 55, சிறுநீரில் ஆல்புமின் 340 என்று வந்தது. "கிட்னி பாதிக்க ஆரம்பித்திருக்கிறது" என்று சொல்லி டெல்மிசார்டன் கொடுத்தார்கள், சாப்பிட்டு வருகிறேன். டபாகிளிஃப்ளோசின் என்று இன்னொரு மாத்திரையும் எழுதினார்கள், அதை இன்னும் வாங்கவில்லை. எனக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் தாராளமாகப் போகிறது. இரவிலும் இரண்டு முறை எழுந்து போகிறேன். எரிச்சல் இல்லை, முதுகு வலி இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, கிட்னி சைஸ் நார்மல் என்றே இருக்கிறது. கொஞ்ச நாளாக நுரை வருகிறது, அவ்வளவுதான். தினமும் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், காலையில் வாழைத்தண்டுச் சாறும் உண்டு. நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் முழங்கால் வலிக்கு மட்டும் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கிட்னி போகிறது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இவற்றை நிறுத்திவிட்டுத் தண்ணீரை இன்னும் அதிகமாகக் குடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்மிசார்டனை நிறுத்தாதீர்கள். முழங்காலுக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பட்டியலில் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரை சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கிறது. கெடுக்கக்கூடியதோ "மட்டும்" என்ற ஒரு சொல்லில் தப்பித்துப் போகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை.

"சிறுநீர் நன்றாகப் போகிறதே" என்ற கேள்விக்கு வருவோம். எவ்வளவு போகிறது என்பது சிறுநீரகத்தின் வேலைக்கு அளவுகோல் அல்ல. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் பலருக்கு, ஆரம்ப மாதங்களில் தினமும் அரை லிட்டர், ஒரு லிட்டர் சிறுநீர் போய்க்கொண்டுதான் இருக்கும். இது எப்படி என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விலா எலும்புகள் முடிகிற இடத்தில், முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஒன்றொன்றாக இரண்டு சிறுநீரகங்கள். மேலே கல்லீரல் இருப்பதால் வலப்பக்கம் இருப்பது ஒரு விரற்கடை கீழே இருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம், ஏறக்குறைய 150 கிராம் எடை. இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் அரை சதவீதம் தேறாது. ஆனால் இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் 5 லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு லிட்டருக்கும் மேல், இந்த இரண்டுக்கும்தான் போகிறது. தசைகளுக்கும் மூளைக்கும்கூட, எடைக்கு எடை பார்த்தால், இவ்வளவு ரத்தம் கிடைப்பதில்லை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பதுதான், அழிந்தால் புதிதாக முளைக்காது. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் மெல்லிய ரத்த நாளங்கள் சுருண்டு ஒரு முடிச்சாக இருக்கும். அதன் பெயர் குளோமெருலஸ். ரத்தம் ஒரு சின்னக் குழாய் வழியாக இதற்குள் வந்து, இன்னொரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகிறது. இந்த வரும் குழாய், போகும் குழாய் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரைகளின் கதை முழுவதும் இங்கேதான் நடக்கிறது.

முடிச்சுக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் எல்லாம் நாளச் சுவரைத் தாண்டி வடிகின்றன. ரத்த அணுக்களும் ஆல்புமின் என்ற புரதமும் உள்ளேயே நிற்கின்றன. துளை சின்னது என்பது மட்டும் காரணம் இல்லை. வடிகட்டிச் சுவர் எதிர்மின்னூட்டம் கொண்டது, ஆல்புமினும் அப்படியே. அதனால் ஒன்றை ஒன்று தள்ளிவிடும். இப்படி ஒரு நாளில் வடிகிற திரவம் சுமார் 180 லிட்டர். உடலில் உள்ள ரத்த நீரே 3 லிட்டர்தான். அதாவது அதே 3 லிட்டர் தினமும் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது.

ஆனால் நாம் கழிப்பது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதி 178 லிட்டர்? திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. போகிக்கு முந்தின நாள் பரணில் இருப்பதையெல்லாம் இறக்கி வாசலில் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் பார்த்துப் பார்த்து மேலே ஏற்றுவோமே, அந்த வேலைதான் நெஃப்ரானில் நடக்கிறது. இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எது எது குப்பை என்று சிறுநீரகம் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு மருந்தோ, இதுவரை பார்த்திராத ஒரு கழிவோ வந்தாலும், வேண்டியதன் பட்டியலில் அது இல்லாவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும்.

ஏற்றும் வேலை முடிச்சை அடுத்த நுண்குழாயில் நடக்கிறது. முதல் பகுதியிலேயே தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். சர்க்கரை முழுவதும் இங்கேயே மீட்கப்படும். ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால்தான் மீட்பவை திணறி, மிச்சம் சிறுநீரில் கலக்கும். அப்புறம் அந்தக் குழாய் ஊசி வளைவு போலக் கீழே இறங்கி மேலே ஏறும். அதைத் தாண்டிய பகுதிகளில் பொட்டாசியமும் அமிலமும் அளவு பார்த்து வெளியேற்றப்படும். கடைசிப் பகுதியில் எவ்வளவு தண்ணீரை மீட்பது என்பதை மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் முடிவு செய்கிறது. வெயிலில் வேலை செய்து வியர்த்துக் கொட்டிய நாளில் சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போவது இதனால்தான். அது சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம்.

இப்போது உங்கள் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். நல்ல சிறுநீரகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 மி.லி. வடிகட்டும். நோய் முற்றி அது 10 மி.லி.யாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு நாளில் 14 லிட்டருக்கு மேல் வடியும். அதில் ஒன்றரை லிட்டரை வெளியே விட்டால் போதும், அளவில் குறையே தெரியாது. ஆனால் உள்ளே யூரியாவும் பொட்டாசியமும் அமிலமும் ஏறிக்கொண்டே போகும். ஏனென்றால் 180 லிட்டரிலிருந்து கழிய வேண்டிய கழிவு 14 லிட்டரிலிருந்து கழியாது. வெளியே போகும் தண்ணீர் அதேதான், அதில் கரைந்திருக்க வேண்டிய சரக்குதான் இல்லை.

உங்களுக்கு ஏழெட்டு முறை போவதற்குக் காரணம் வேறு. 5 லிட்டர் குடித்தால் அது வெளியே வந்துதான் ஆக வேண்டும். சிறுநீர்ப்பையில் 150, 200 மி.லி. சேர்ந்ததும் முதல் உணர்வு வரும்; 400, 500 வரை அடக்கலாம். கணக்குப் போட்டால் உங்கள் ஏழெட்டு முறை சரியாகவே வருகிறது.

இரவில் இரண்டு முறை எழுவதை மட்டும் நான் அப்படி விட்டுவிட மாட்டேன். சர்க்கரை கூடியிருக்கலாம். 54 வயதில் புராஸ்டேட் சுரப்பி பெரிதாகி வழியை நெருக்கியிருக்கலாம். அல்லது, இரவில் சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைய ஆரம்பித்திருக்கலாம். அடுத்த முறை ஸ்கேன் எடுத்தால், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் சைஸ் நார்மல் என்பதைப் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோயில் சிறுநீரகம் சுருங்காமல் அதே அளவில், சிலருக்குச் சற்றுப் பெருத்துக்கூட, வெகுகாலம் இருக்கும். ஸ்கேன் உருவத்தைத்தான் காட்டும்.

வேலையைக் காட்டுவது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு எண்கள். ஒன்று கிரியாட்டினின். இது தசையிலிருந்து வரும் கழிவு. தனியாகப் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் வடிகட்டும் திறன் பாதி குறையும் வரைக்கும் இது நார்மல் எல்லைக்குள்ளேயே இருந்துவிட முடியும். ஆளுக்கு ஆள் அர்த்தமும் மாறும். உங்களுக்கு 1.5 என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன், 55. உங்கள் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு அதே 1.5 வந்தால், தசை குறைவு என்பதால், கணக்கு 41-க்கு வந்துவிடும். டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி மட்டனை ஒரு பிடி பிடித்தாலும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும். அதனால் லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் இ.ஜி.எஃப்.ஆர். போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை ஏறக்குறைய சதவீதமாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பாதிக்குச் சற்று மேல் இருக்கிறது.

இன்னொன்று ஆல்புமின், 340. உண்மையில் எனக்குக் கவலை தருவது இதுதான். 30-க்குக் கீழே இருக்க வேண்டியது. 300-ஐத் தாண்டினால் கசிவு அதிகம் என்று பொருள். நீங்கள் "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கும் நுரையும் இதுதான். வேகமாகப் போனால் யாருக்கும் நுரை வரும், அது சில நொடிகளில் அடங்கிவிடும். புரதம் கலந்த நுரை சின்னச் சின்னக் குமிழியாக, அடுக்காக, சோப்புத் தண்ணீர் மாதிரி நிற்கும். தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது. உள்ளே நிற்க வேண்டிய புரதம் வடிகட்டியைத் தாண்டி வெளியே வருகிறது என்று அர்த்தம். இதற்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை. வலியும் எரிச்சலும் கல்லுக்கும் கிருமித் தொற்றுக்கும் உரியவை. சர்க்கரையால் வரும் பாதிப்பு சத்தமே போடாது.

வடிகட்டி ஏன் கசிகிறது? சர்க்கரை அதிகமாக வடியும்போது, முதல் பகுதிக் குழாய் அதை விடாமல் மீட்கிறது. சர்க்கரையை மீட்கும்போது கூடவே உப்பையும் இழுத்துக்கொள்ளும். கீழே போய்ச் சேரும் உப்பு குறைந்ததும், "வடிகட்டுவது போதவில்லை" என்று சிறுநீரகம் தப்பாகப் புரிந்துகொண்டு, ரத்தம் வரும் குழாயை விரித்துவிடும். முடிச்சுக்குள் அழுத்தம் ஏறும். வருடக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிச் சுவர் தடித்து, ஓட்டை விழுந்து, ஒவ்வொரு முடிச்சாகத் தழும்பாகிவிடும். பி.பி.யும் சேர்ந்தால் இன்னும் வேகமாக.

டெல்மிசார்டன் என்ன செய்கிறது? ரத்தம் போகும் குழாயை விரிக்கிறது. முடிச்சுக்குள் அழுத்தம் இறங்கும், கசிவு குறையும். பி.பி. குறைவது ஒரு பலன், இது தனிப் பலன். ராமிப்ரில், லோசார்டன் போன்றவையும் இதே வேலையைச் செய்பவை. நீங்கள் வாங்காமல் வைத்திருக்கும் டபாகிளிஃப்ளோசின், சர்க்கரையையும் உப்பையும் மீட்கும் அந்த முதல் பகுதியிலேயே கை வைக்கிறது. மீட்பதைத் தடுத்துவிடுவதால் உப்பு கீழே போய்ச் சேரும், சிறுநீரகத்துக்கு வந்த தப்பெண்ணம் நீங்கும், வரும் குழாய் பழைய அளவுக்குச் சுருங்கும். 1835-லேயே ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள்தான் இந்த மருந்துகளுக்கு மூதாதை. டபாகிளிஃப்ளோசின் சிறுநீரக நோயைத் தள்ளிப்போடுகிறது என்று பெரிய ஆய்வில் நிரூபணமானது 2020-ல்தான். இந்தியாவில் இப்போது பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கிவிட்டது. வாங்குங்கள்.

இந்த இரண்டையும் தொடங்கியதும் கிரியாட்டினின் சற்று ஏறும். சொந்தக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் வடிவது முதலில் கொஞ்சம் குறையத்தானே செய்யும்? 30 சதவீதத்துக்குள் ஏறினால் நாங்கள் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் ஏறினாலோ மட்டும் யோசிப்போம். சர்க்கரை மாத்திரையைப் பொறுத்தவரை, கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. ஆனால் இ.ஜி.எஃப்.ஆர். இறங்க இறங்கச் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டிவரும், மெட்ஃபார்மின் உட்பட. "மாத்திரையைக் குறைத்தார்கள், அதுதான் கெடுத்திருக்கிறது" என்று அதற்கும் ஒரு வதந்தி பிறக்கும்.

முழங்கால் வலி மாத்திரைக்கு வருகிறேன். கடையில் கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் டைக்குளோபினாக், அசெக்குளோபினாக், ஐபுபுரோபன் வகையாகத்தான் இருக்கும். பட்டையைத் திருப்பி, பெயர் எழுதியிருக்கும் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இவை, ரத்தம் வரும் குழாயைத் திறந்து வைத்திருக்கும் சுரப்பைத் தடுப்பவை. டெல்மிசார்டன் போகும் குழாயை விரித்திருக்கும் நேரத்தில், இது வரும் குழாயைச் சுருக்கிவிட்டால் முடிச்சில் வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது. கூடவே வயிற்றுப்போக்கோ, மே மாத வெயிலில் நீர் வற்றலோ சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுபோனவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், டாக்டர் சொல்லும் அளவில். மேலே தடவும் களிம்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி, கட்டிங் டேபிள் அருகே ஒரு உயரமான ஸ்டூல் போட்டு அவ்வப்போது உட்காருவது, இவை முழங்காலுக்கு மாத்திரையைவிட அதிக நாள் உதவும்.

தண்ணீர் விஷயத்தில் ஊரே உங்கள் பக்கம், எனக்குத் தெரியும். கல் உள்ளவர்களுக்கு அது சரி. உங்களுக்குக் கல் இல்லை. நிறையக் குடித்தால் கழிவு கழுவிப் போகும் என்று நினைக்கிறோம். ஆனால் வடிகட்டும் அளவைத் தீர்மானிப்பது முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தமும் நெஃப்ரான்களின் எண்ணிக்கையும். நீங்கள் கூடுதலாகக் குடிப்பது கடைசிக் குழாயில் மீட்கப்படாமல் வெளியே போகும், அவ்வளவுதான். உங்களைப் போலவே பாதிப்பும் புரதக் கசிவும் உள்ள 600-க்கு மேற்பட்டவர்களைக் கனடாவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஓராண்டு அதிகத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. இரு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. தாகத்துக்குக் குடியுங்கள், வெயில் நாளில் கொஞ்சம் கூட. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், வெறும் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியதில்லை.

வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், தடை இல்லை. தினமும் டம்ளர் டம்ளராகச் சாறு வேண்டாம். அதில் பொட்டாசியம் உண்டு, டெல்மிசார்டனும் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும். இளநீரும் இதில் சேரும். கிட்னிக்கு நல்லது என்று யாராவது நட்சத்திரப் பழம், அதாவது தம்பரத்தம் பழம், கொண்டுவந்தால் வாங்காதீர்கள்; பாதித்த சிறுநீரகத்தில் அது விஷமாகவே வேலை செய்யும். கேரளத்தில் இரும்பன் புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் கொழுப்புக்கு நல்லது என்று குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. ஆக்சலேட் படிந்து அடைத்துவிடும்.

குறைக்க வேண்டியது உப்பு. எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, டீக்கடை மிக்சர், இவற்றில் இருப்பதும் அந்த ஒரு டீஸ்பூனுக்குள்தான் கணக்கு. இந்துப்பு என்பதால் சலுகை இல்லை, அதுவும் சோடியம்தான். கடைகளில் "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும், உங்களுக்கு அது ஆகாது. உப்பைக் குறைத்தால் டெல்மிசார்டன் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து செய்ய வேண்டியவை. ஆல்புமின் டெஸ்ட்டை மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை, காலையில் முதலில் போகும் சிறுநீரில் கொடுங்கள். காய்ச்சல் இருக்கும்போதோ, சிறுநீர்த் தொற்று இருக்கும்போதோ கொடுக்காதீர்கள், எண் பொய்யாக ஏறும். கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுங்கள். சர்க்கரையால் இவ்வளவு கசிவு என்றால் பெரும்பாலும் விழித்திரையிலும் தடம் இருக்கும். அங்கே சுத்தமாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கலாம். பி.பி. 130/80-க்குள் வர வேண்டும். டபாகிளிஃப்ளோசின் தொடங்கினால் அந்தரங்க உறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம், தினமும் கழுவிச் சுத்தமாக வைத்தால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிட்டாலோ, ஏதாவது ஆபரேஷனுக்காகச் சாப்பிடாமல் இருக்க நேர்ந்தாலோ, அந்த நாட்களில் டெல்மிசார்டனையும் இதையும் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். சரியாகி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும், அவர் சொல்கிறபடி மறுபடி தொடங்க வேண்டும். முகம் வீங்கி எழுந்தாலோ, செருப்பின் வார் தடம் காலில் பதிந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

புது மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டைக் காட்டப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், முழங்கால் மாத்திரையையும் சேர்த்து.